முழங்கால் அளவு

விமான நிலையத்தில் மூன்று பேரும்
ஒரே தூணுக்குப் பின்னால் அழப் போனோம்.
அப்படித்தான் பழக்கம்.

பிள்ளைகள் சல்தானாவுக்குப் பறந்துவிட்டார்கள்,
கடற்படைப் பயிற்சிக்கு.
அதுவரை தொலைக்காட்சியில் வானிலை வந்தால்
டர்பனோடு அணைத்துவிட்டு அரிசி களையப் போவேன்.
இப்போது மேற்குக் கரை முடிகிறவரை
உலை பொங்கி வழிகிறது.

தாண்டஸீலே ம்கீசே, ஆஸ்பத்திரியில் இரவு வேலை.
என்னை "மாமா" என்றாள்.
அவள் மொழியில் அது அம்மா.
எங்கள் வீட்டில் மாமா என்றால்
மீசையும் கடனும் உள்ள ஒருவர்.
அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டேன்.

பூபாலன் சிரிக்கவில்லை.
அவர் தாத்தாவின் தகரக் குடிசை நின்ற தீவைத்தான்
போர்க்காலத்தில் கடற்படை எடுத்துக்கொண்டதாம்.
அதே படைக்கு இப்போது
சட்டை தேய்த்து மகனை அனுப்பியிருக்கிறார்.
"காலர் நல்லா நின்னுச்சா?" என்று மட்டும்
திரும்பத் திரும்பக் கேட்டார்.

ஞாயிறுதோறும் பிள்ளைகள் கைக்குப் போன் வரும்,
பத்து நிமிடம்.
யாருக்கு வந்தாலும் மூவருக்கும் வந்த மாதிரி.
நொக்வாண்டாவுக்குக் காலில் கொப்புளம்,
செவெந்திரன் இரண்டு கிலோ இளைத்தான்,
தெஷன் சாப்பிடுகிறான்.
சரி, சாப்பிடுகிறான். வேறென்ன?
வேறொன்றுமில்லை என்றாளாம் நொக்வாண்டா
தன் அம்மாவிடம், கொஞ்சம் அவசரமாக.

அந்த அவசரத்தைத் தோண்டிக் கேட்டுவிட்டு
மூன்று நாள் மென்று வைத்திருந்தாள் தாண்டஸீலே.
நான்காம் நாள் வேலை முடிந்த கையோடு,
சீருடைகூட மாற்றாமல்,
என் வாசலில் வந்து நின்றாள்.
நீச்சல் தேர்வில் உன் மகன் தோற்றான்.
இன்னொரு முறை உண்டு. அதோடு சரி.

காப்பி போட்டேன். சர்க்கரைக்குப் பதில் உப்பு.
அவள் குடித்தாள்.

தோற்றது நான் என்று எப்படிச் சொல்வது?
எனக்கு ஒன்பது வயதில்
நல்ல கடற்கரையில் பலகை இருந்தது,
எங்களுக்கில்லை என்று.
எங்களுக்கு விட்ட துண்டில் அலை இழுக்கும்;
அப்பா முழங்காலுக்கு மேல் விடமாட்டார்.
பலகையைப் பிடுங்கி எறிந்த பிறகும்
அந்த முழங்கால் என்னிடமே இருந்தது.
அதை வைத்துத்தான் மகனுக்கும் அளந்தேன்.

இதைக் கேட்டிருந்த பூபாலன்
சனிக்கிழமை விடியுமுன் வண்டியோடு வந்தார்.
இசிப்பிங்கோவில் பாறைகளுக்கு நடுவே ஒரு குளம்,
ஓதம் வந்து நிரப்பிவிட்டுப் போவது.
"பையனுக்கு இங்கேர்ந்து ஒண்ணும் செய்ய முடியாது.
நீங்க இறங்குங்க."

ஐம்பத்து நான்கு வயது. சல்வாரோடு இறங்கினேன்.
பலூன் மாதிரி உப்பிக்கொண்டது.
தாண்டஸீலே தலையில் நோயாளிகளின் குளியல் தொப்பி.
தனக்கும் நீந்தத் தெரியாது என்பதை
இடுப்பளவு தண்ணீரில்தான் ஒப்புக்கொண்டாள்.
அவர் கரையில் நின்று
வேறெங்கோ பார்த்தபடி கத்துவார்:
தலையை விடுங்க. காதுல தண்ணி போகட்டும், போனாப் போகுது.
அவள் கை என் முதுகுக்கடியில்,
பிறகு என் கை அவள் முதுகுக்கடியில்.
ராத்திரி முழுக்க ஆட்களைப் புரட்டிப் படுக்கவைத்தவள்
என் ஒற்றைக் கையில் கிடந்தாள்.

மூன்றாம் ஞாயிறு.
அவள் எப்போது கையை எடுத்தாளோ தெரியாது.
காது நிறையக் கடல்.
மேலே ஒரு விமானம் சத்தமில்லாமல் போனது.
பாறைமேல் துண்டுக்குள் போன் அடித்ததை
அவர்கள் கையாட்டித்தான் அறிந்தேன்.
இரண்டு மடக்கு விழுங்கி,
முட்டி தேய ஏறி எடுத்தேன்.

"அம்மா, ஏன் மூச்சு வாங்குது?"
"தண்ணியில இருந்தேன்."
"தண்ணியிலயா? எவ்வளவு ஆழம்?"
பூபாலனைப் பார்த்தேன்.
அவர் நெஞ்சில் கைவைத்துக் காட்டினார்.
"மாரளவு."

அந்தப் பக்கம் பேச்சில்லை.
பத்து நிமிடத்தில் ஒரு முழு நிமிடம்
அவன் மூச்சும் என் மூச்சும்.
பிறகு சொன்னான்,
"எனக்குப் புதன்கிழமைம்மா."
புதன், என்றேன் சத்தமாக.

தாண்டஸீலே அதற்குள் ஈரக் கையோடு
தன் போனைக் காதில் வைத்து
செவ்வாய் இரவு வேலையை
யாரிடமோ மாற்றிக்கொண்டிருந்தாள்.