லக்கேஜ் டிக்கெட்

சங்ககிரிக்கு அந்தப் பக்கம் ஒரு குவாரி
இரவு பத்து இருபதுக்கு என்னைக் கூப்பிடுகிறது.
போனை மெஷின் கிட்டக் காட்டுங்க,
சத்தத்தை வெச்சே சொல்லிருவேன் என்கிறேன்.
"சத்தம் இருந்தா உங்கள எதுக்குங்க கூப்புடறேன்"
என்கிறார் ஆபரேட்டர் அத்தியண்ணன்.

பிறகு இரண்டு பேரும் சற்று நேரம்
நின்றுபோன கிரஷரைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.
தூரத்தில் ஒரு நாய்.
கல்லொன்று தானாகச் சரிந்து
இன்னொரு கல்லின் மேல் உட்காரும் ஓசை.

டாகிள் தகடு, என்றேன்.

கம்பெனி வண்டி பல்லடத்தில்
வேறொரு கிரஷரின் காலடியில் கிடக்கிறது.
காந்திபுரத்தில் பன்னிரண்டே காலுக்குச் சேலம் பஸ்.
சாக்கில் சுற்றிய முப்பத்தெட்டு கிலோ வார்ப்பிரும்பை
தூங்கும் பிள்ளையைப் போல் அணைத்து ஏற்றினேன்.
கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

என்னங்க இது?
ஸ்பேருங்க.
எதுக்காகும்?
உடையறதுக்குங்க.

பஸ் கிளம்பியதும் சொன்னேன்:
கல்லை மெல்லும் தாடைக்குப் பின்னால்
இது முட்டுக்கொடுத்து நிற்கும்.
மெல்ல முடியாதது ஏதும் வந்து விழுந்தால்
தாடை பிளக்கும் முன், தண்டு வளையும் முன்
இது போய்விட வேண்டும்.
அதற்கென்றே அளந்து வார்க்கிறோம் அரசூரில்.
கொஞ்சம் கூடுதலாய்த் தாங்கினாலும் கழிவுதான்.

முப்பத்தேழு ரூபாய்க்கு லக்கேஜ் கிழித்துக்கொண்டே
"எங்க டிப்போலயும் அப்பிடி ரெண்டு பேரு இருக்காங்க"
என்றுவிட்டு முன் சீட்டுக்குப் போனார்.

பெருந்துறை தாண்டித் தூங்கிவிட்டேன்.
குமாரபாளையம் பாலத்தில்
காவிரிக் காற்று முகத்திலடித்து எழுப்பியது.
பாதத்துக்கடியில் தகடு சில்லிட்டிருந்தது.

கழற்றிப் போட்ட பழைய தகட்டில்
மூன்று தழும்புகள், மூன்று வெல்டிங்.
நாலாவதாகத் தழும்புக்குப் பக்கத்தில் பிளந்திருந்தது.
வெல்டிங் வெக்கக் கூடாதுன்னு
புக்குல செவப்புல போட்டிருக்குதுங்களே, என்றேன்.
"இருக்குதுங்க. லோடு போகோணுமில்லீங்க."

டார்ச்சைத் தாடைக்குள் இறக்கினால்
ஒரு பல்.
பொக்லைன் பக்கெட்டிலிருந்து உதிர்ந்தது,
ஒரு சாண் நீளம்,
மென்று மென்று மூக்குத்தியாய் மினுங்கியது.

பொக்லைன் ஓட்டும் மங்ரு
தண்ணீர் டேங்கருக்குப் பின்னால் நின்றான்.
கும்லாவிலிருந்து வந்து ஐந்து மாதம்.
சாயந்திரம் நாலு மணிக்கே பல் போனது தெரியும்.
சொல்லியிருந்தால் பல்லின் விலை சம்பளத்தில் போகும்.
சொல்லாததற்கு எவ்வளவு போகுமென்று
விரல் மடக்கிக்கொண்டிருந்தான்.

ஜாக்கி வைத்து, ஸ்பிரிங்கை விட்டு,
பள்ளம் இரண்டிலும் கிரீஸை வழித்து
தகட்டை உட்கார வைக்க மூன்று பேர் வேண்டியிருந்தது.
மூன்றாவது ஆள் மங்ரு.
ஆறு பத்துக்கு ஃப்ளைவீல் சுற்றியது.
முதல் கல் நொறுங்க
தகரக் கூரையின் தூசி முழுதும் எழுந்து நின்று
திரும்ப அமர்ந்தது.

ஏழு மணிக்கு ஓனர் ராக்கியப்பன் காரில் வந்தார்.
சர்வீஸ் ரிப்போர்ட்டில்
'பழுதின் காரணம்' என்று இரண்டு கோடுகள்.
"அதுல பையன் பேரப் போட்டுருங்க.
புடிக்கறதுக்கு ஒரு காயிதம் வேணுமில்லீங்க."

பேனாவை இரண்டு முறை உதறினேன்.
நன்றாகத்தான் எழுதிக்கொண்டிருந்தது.

அப்ப வெல்டிங்கையும் எழுதீரட்டுங்களா,
வாரண்டி இன்னும் நாலு மாசம் இருக்குது?

அவர் கிரஷரைப் பார்த்தார்.
கன்வேயர் பெல்ட்டில் முக்கால் ஜல்லி
விடிந்ததைப் பற்றிக் கவலையில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது.
"டீ சாப்புட்டீங்களா" என்றார்.

முதல் கோட்டில் எழுதினேன்:
தகடு உடைந்தது, உடைய வேண்டியபடி.
இரண்டாவது கோட்டில் அவர் கையெழுத்து
கொஞ்சம் மேலே ஏறி விழுந்தது.

உடைந்ததைக் கம்பெனிக்குத் திருப்பித் தர வேண்டும்.
பகல் பஸ், வேறு கண்டக்டர்.
ஒண்ணா ரெண்டா, என்று சாக்கைக் காலால் தட்டினார்.

அதே எடைதானுங்க என்றேன்.
ரெண்டு சாக்கு, ரெண்டு டிக்கெட்டு என்றார்.