லிட்டருக்கு ஒரு கிராம் கூடுதல்

புளிப்புக்கு இந்த ஊர் தோது.
லைப்சிக்கில் ஒரு வாரம் பிடிக்கும் என்று
அமலதாஸ் சொன்னது
வில்லாபுரம் மாடியறையில் இரண்டே ராத்திரியில் முடிந்தது.
கீழ்வீட்டு பத்மினி பாய் பாதிப்படி ஏறி
"மாவு பொங்கிருச்சா?" என்றாள்.
ஆமாம் என்றேன். முழுப்பொய் இல்லை.

நுரைதான் கணக்குக்கு அடங்கவில்லை.

கப்பலூர் ஐஸ்கிரீம் கிடங்கில்
மைனஸ் பதினெட்டில் நிற்கிற வேலை எனக்கு.
குளிர் காற்றைப் பிடித்து வைக்கும்,
வெக்கை விட்டுவிடும். தெரியும்.
ஆனாலும் அவன் அனுப்பிய குரலை
மூன்று தடவை ஓட்டிக் கேட்டேன்:
"அது பட்ட உச்சச் சூட்டைப் பொறுத்துத்தான்
உள்ளே மிச்சம்.
இங்கே இருபது டிகிரி, லிட்டருக்கு எட்டரை கிராம் சர்க்கரை.
உன் அறை எவ்வளவு?"

முப்பத்து நாலு. ஜன்னல் திறந்திருந்தால்.

அப்படியானால் ஒரு கிராம் கூட்டு என்றான்.
வெந்ததற்கு இனிப்பு அதிகம் வேண்டுமாம்.

தெற்காவணி மூல வீதி திரவிய ஆசாரியிடம்
தராசு இரவல் வாங்கினேன்.
அங்கே ஒரு கிராம் என் மாத வாடகை.
இங்கே ஒரு சிட்டிகை.
அவர் மாதிரியே மூச்சை அடக்கி நிறுத்தேன்.

பாட்டில் பதினெட்டு.
பன்னிரண்டு, கீரைத்துறை சோடாக் கம்பெனியில் வாங்கியது,
அடிபட்டுப் பழகிய தடிக்கண்ணாடி.
ஆறு, சிரிக்காதீர்கள், தக்காளி சாஸ் பாட்டில்.

"உடனே குளிரில் வைக்காதே,
ஈஸ்ட் தூங்கிவிடும்" என்றான்.
சூட்டில் விட்டால் என்ன ஆகும் என்று சொல்லவில்லை.
அவன் ஊரில் அந்தக் கேள்வியே கிடையாது.

நாலாம் நாள் மத்தியானம், கரண்ட் இல்லை,
கட்டிலுக்கடியில் முதல் சாஸ் பாட்டில் வெடித்தது.
அது சொல்லி அடுத்தது.
தெருமுனையில் வார்டு ஜெயித்தவர்கள் சரம் கொளுத்த,
பத்மினி பாய் எல்லாவற்றையும் அந்தக் கட்சிக் கணக்கில் திட்டினாள்.
ஆறும் போனது.
தரையெங்கும் புளித்த கோதுமை.
ஓர் எறும்பு வரவில்லை.
அந்த ஒரு கிராமையும் விடாமல் தின்றிருந்தது ஈஸ்ட்.

மிச்சப் பன்னிரண்டை
நனைத்த சாக்கில் சுற்றி, ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்து,
ஒவ்வொரு வேகத்தடைக்கும் குலதெய்வத்தைக் கூப்பிட்டு,
கிடங்கின் முன்னறைக்குக் கொண்டுபோனேன்.
நாலு டிகிரி. இரண்டு நாள்.

மூடி திறந்தபோது சத்தம் பெரிதாக இல்லை.
அடியிலிருந்து ஊசி ஊசியாய் ஏறிக்கொண்டே இருந்தது.
நாக்கில் பச்சை மாங்காய்,
பின்னால் எதுவோ ரொட்டி.

போட்டோ அனுப்பினேன்.
"நுரை எத்தனை விரல்?"
இரண்டு என்று அடித்து,
அனுப்பும் முன் திரும்பப் பார்த்தேன்.
ஒன்றரை.