நூற்று ஐம்பத்தெட்டு விநாடி

மிடில்ஸ்பரோவில் ஜனவரி.
பள்ளியின் பாய்லர் புதன்கிழமையே உயிரை விட்டிருந்தது.
ஆய்வகத்தில் குடுவை கழுவுகிறவள் நான்,
கரைசல் கலக்குகிறவள்,
வெள்ளைத்தாளில் கறுப்பு மையால்
பெருக்கல் குறி போட்டு வைக்கிறவள்.
பத்து மேசை, பத்துக் குறி.

குறியின் மேல் குடுவை.
தயோசல்பேட் ஊற்று, அமிலம் ஊற்று,
ஸ்டாப்வாட்சை அழுத்து.
ஒன்றுமே நடக்காதது போல்
கொஞ்ச நேரம் நடிக்கும் தெளிந்த நீர்.
பிறகு அரிசி களைந்த தண்ணீர்,
பிறகு மோர்,
பிறகு மஞ்சள் கலங்கல்.
கந்தகம் குறியை முழுங்கும் கணத்தில்
கத்த வேண்டும்.

அறுபத்து மூன்று என்றது முதல் மேசை.
அறுபத்தொன்று. அறுபத்தாறு.
ஒன்பதாம் மேசையில் மட்டும்
இன்னும் குனிந்தபடி ஒருத்தி.
ஜோடி ராப்சன்.
பெயரில்தான் ஜோடி.
ஊற்ற ஒருவர், நேரம் பார்க்க ஒருவர் என
வகுப்பு இரண்டிரண்டாய்ப் பிரிந்தபோது மிஞ்சியவள்.
இந்த வேடிக்கையை இந்த ஊரில்
யாரிடம் சொல்லிச் சிரிப்பது?
இடக்கையால் ஊற்றி, வலக்கையால் அழுத்தி,
இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்
நூற்று ஐம்பத்தெட்டு வரை.

மிஸ்டர் ஹெப்பிள் எட்டிப் பார்த்தார்.
"தூங்கிட்டியா?"
பென்சில் எண்ணின் மீது
சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி.
அதன் மேல் எந்தக் குடுவையை வைப்பது?

எனக்குத் தெரியும்.
அலமாரியில் இடம் போதாமல் முந்தின மாலை
ஒன்பதாம் புட்டியை
ஜன்னல் விளிம்பில் வைத்தது இந்தக் கை.
டீஸ் ஆற்றுக் காற்று
ஒற்றைக் கண்ணாடிக்கு வெளியே இரவெல்லாம் நின்றது.
குளிரில் துகள்கள்
கடைத்தெருவில் முன்பின் தெரியாதவர்கள் மாதிரி;
தோள் உரசும், விலகிப் போய்விடும்.
மோதினாலும்
உடைந்துபோகிற அளவுக்குக் கோபம் வராது.

அப்போதே சொல்லியிருக்கலாம்.
ஆறின கஞ்சி பழங்கஞ்சி.
வேலையில் சேர்ந்து நாலே மாதம் என்று
வியாழன் போனது, வெள்ளி போனது,
சனி ஞாயிறு துணி மடித்தேன்.
வெளிப்பார்வைக்கு
நானும் தெளிவாகத்தான் இருந்தேன்.

செவ்வாயன்று குப்பைக்கூடையைக் கவிழ்க்கையில்
கசங்கிய வரைபடத்தாள் ஒன்று.
மற்ற புள்ளிகளுக்கு மேலே, தனியே நின்ற ஒன்றை
அழித்து அழித்து
தாளே ஓட்டையாகியிருந்தது.
அதற்குமேல் ஒரு நொடி ஆகவில்லை எனக்கு.
"புட்டி, சார். ஜன்னல். என் தப்பு."
இலக்கணம் எல்லாம் பிறகு.

ஹெப்பிள் தாடியைச் சொறிந்தார்.
"சரி, இன்று இரவும் அங்கேயே வையுங்கள்" என்றார்.

புதன் காலை.
புட்டிக்குள் வெப்பமானி ஏழு டிகிரி காட்டியது.
வகுப்பு தொடங்க இருபது நிமிடம் இருந்தது;
ஜோடி கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்தாள்.
ஊற்றியது அவள்.
கடிகாரம் என் கையில்.
இரண்டு தலையும் ஒரே குடுவைமேல் குனிந்திருக்க,
மோராகி, மஞ்சளாகி,
கடைசிக் கறுப்பு நுனியும் கரைந்தபோது
என்னையறியாமல் தமிழில் கத்தினேன்:
"போச்சு!"

என்ன மொழி என்று அவள் கேட்கவில்லை.
நூற்று ஐம்பத்தைந்து,
இந்தமுறை பேனாவால் எழுதினாள்.