பதினாலாம் பிளாக்கில் லைன் இல்லை

சிலிம் ரிவரில், ஆ செங்கின் கைப்பேசிக் கடைக்கு மேலே
மாதம் இருநூற்றைம்பது வெள்ளி அறை.
மேசைமேல் பதினோரு கைப்பேசிகள்.
நான்கு நான் வாங்கியவை. மூன்று இரவல்.
ஒன்று கிராணி புஷ்பலீலாவின் மகன் வாளித் தண்ணீரில் போட்டது.
மிச்சம் மூன்றையும்
'செத்ததுங்க, எடுத்துக்கோ' என்று ஆ செங் தந்தான்.
சாகவில்லை.
மின்னூட்டம் கேட்டுக் கிடந்தன.

ஒரு வரி திருத்திச் சேமித்தால்
பதினொன்றும் ஒருசேரக் கண் சிமிட்டும்.
பச்சைப் பொத்தானை நீலமாக்கினேன்.
பத்து நீலம்.
விரிசல் விழுந்த சாம்பல்நிறம் மட்டும்
பெருமூச்சு விடுகிற நேரம் பச்சையிலேயே நின்று
அப்புறம் மாறியது,
பிரட்டுக்குப் பிந்தி வந்து
வரிசையின் கடைசியில் நழுவி நிற்பவனைப் போல.

அந்தச் சாம்பல்நிறத்தில்தான்
'செம்பனை' சிதைந்தது.
சகரத்துக்கு முன் நிற்கவேண்டிய கொம்பு
பின்னால் போய்
மகரத்தை முட்டிக்கொண்டிருந்தது.
எழுத்துருவை மாற்றி, மாற்றி, மாற்றி,
இரவு இரண்டரைக்குக்
கொம்பைப் பிடித்து முன்னால் கட்டினேன்.
வேறு பத்தில் யாருக்கும் தெரியாது
இப்படியொரு மாடு பிடித்தது.

திங்கள் விடியல், ஐந்தே முக்கால்.
பிரட்டில் அறுபத்து மூன்று கைப்பேசிகள்.
அறையில் இருந்ததில் ஒன்றுகூட இவற்றைப்போல் இல்லை.
ரப்பர் வளையம் போட்டது,
பின்மூடிக்குப் பதில் ஒட்டுநாடா போட்டது,
எண்ணெய்க் கட்டைவிரலை
விரல் என்றே ஒப்புக்கொள்ளாத திரை.
இறக்கினோம். ஏறியது.
குலை வெட்டினால் ஒரு தட்டு. அவ்வளவுதான், அண்ணே.

பகல் பன்னிரண்டரை.
எடைமேடையில் சுகிமான் கத்தினான்: பாகுஸ்!
வெட்டியது தொண்ணூற்று நான்கு குலை,
திரையில் நூற்று எண்பத்தெட்டு.
சந்திரவேலுக்கு நூற்றுப் பன்னிரண்டு,
இருநூற்று இருபத்து நான்காக.
அரிவாளை ஊன்றிவிட்டு
தலைக்கவசத்தில் தாளம் போட்டான் ஒருவன்.
சுகிமான் திரையைப் படம் பிடித்து
லொம்போக்குக்கு அனுப்பியே விட்டான்.

எனக்கு உடனே புரிந்தது.
செம்பனை மட்டைகளுக்கு அடியில் லைன் அறுந்து
கணக்கு போய்ச் சேர்ந்தும் பதில் வராமல்,
'ம்' கொட்ட ஆளில்லாத கதைசொல்லியைப் போல
செயலி மறுபடி முதலிலிருந்து சொல்லியிருக்கிறது.
என் அறையில்
லைன் ஒருநாளும் அறுந்ததில்லை.
மாடியிலிருந்து ஆ செங்கின் வைஃபை
நான்கடி.

மோட்டார் சீட்டின்மேல் மடிக்கணினியை வைத்து
ஒவ்வொரு குலைக்கும் ஒரு அடையாளம் கொடுத்தேன்.
ஒன்பது வரி.
சேமித்தேன்.

திரைகள் இறங்கின.
ஒரே நேரத்தில் அல்ல,
இங்கொன்று, அங்கொன்று,
ஒருவன் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கையில்,
ஒருவன் இன்னொருவனுக்குக் காட்டிக்கொண்டிருக்கையில்.
சுகிமான் கைப்பேசியை உதறிப் பார்த்தான்,
உள்ளே எங்கோ சிக்கியிருக்கும் தொண்ணூற்று நான்கு
கீழே விழுமென்று.

யாரும் திட்டவில்லை.
திட்டியிருக்கலாம்.
'கணக்கு இப்பச் சரிம்மா' என்றாள் புஷ்பலீலா,
தன் பழைய நோட்டிலும் ஒருமுறை எழுதிக்கொண்டு.

இரவு. கீழே ஷட்டர் இறங்கும் சத்தம்.
பட்டியலில் அறுபத்திரண்டு பச்சை,
ஒன்று சாம்பல்.
தில் பகதூர். பதினாலாம் பிளாக்குக்குப் பின்னால் கொங்சி.
மதியம் எடைமேடையில் இரண்டு மடங்கானவன்,
திருத்தம் வருமுன் மலையேறிப் போய்விட்டான்.
அங்கே லைன் இல்லை.

வெட்டியது எண்பத்தேழு.
கொசுவலைக்குள் இப்போது
நூற்று எழுபத்து நான்கை வைத்துக்கொண்டு படுத்திருப்பான்.
நாளை ஐந்தரைக்கு
சீனக் கோயில் வளைவில் மோட்டார் திரும்பும்போது
அவன் சட்டைப்பையில் ஒருமுறை அதிரும்.

என் மேசையில் பதினொன்றும்
சரியாகத்தான் காட்டுகின்றன.
அவற்றிலிருந்து யாரும் வீட்டுக்குப் பணம் அனுப்புவதில்லை.
சாம்பல்நிறத்தை எடுத்து
லைனை அணைத்து வைத்தேன்.
இனி இது இப்படியே இருக்கட்டும்,
பதினாலாம் பிளாக்காக.