தங்கள் நல்வரவை விரும்பும் மகள்

கோத்தகிரியில் ஆடி முழுக்கப்
பசை காய்வதில்லை.
நேற்று ஒட்டிய சில்வர் ஓக் இலை
காலையில் கழன்று கிடக்கிறது.
துண்டு போட்டு, மேலே
இஸ்திரிப்பெட்டி வைக்கிறேன்.
ஆவணிக்கு நாற்பது வேண்டும்.
மூன்று தேறியிருக்கிறது.

மாதிரி அட்டை
'எனது மூத்த மகள்' என்று தொடங்குகிறது.
மகளை அடித்து
அம்மா என்று எழுதினேன்.
'மூத்த' என்பதையும் அடித்தேன்.
செல்வியா, திருமதியா?
பேனா நின்ற இடத்தில்
மை பொட்டாக ஊறிவிட்டது.
வேலம்மை, அவ்வளவுதான்.
மணமகன் இருதயராஜ்:
மழையில் என்னைக் கண்டால் மட்டும்
தேயிலை லாரியை நிறுத்துகிறவர்.

ஷிஃப்ட் முடிந்து வந்தவள்
ஓர் அட்டையைத் தூக்கிப் பார்த்தாள்.
பெயரின் மேல் தேயிலைக்கறை,
கட்டைவிரல் அளவு.
"கெட்டுப்போச்சு, வேற எழுது."

எழுதவில்லை.
அதை இருதயராஜுக்கு என்று
தனியே எடுத்து வைத்தேன்.