தளை தட்டும் பெயர்

பெருவீட்டில் கிடாய் வெட்டிய இரவு.
உப்புக்குக் கூலி வாங்கப்
புறவாசலில் நின்றிருந்தேன், கோவேறு கழுதையோடு.
கார்பதோஸ் தீவில் உப்புக்காரனை யாரும் உள்ளே கூப்பிடுவதில்லை.
உப்பை மட்டும் கூப்பிடுவார்கள்.

உள்ளே ஒரு பாடகன்
கோலால் தரையைத் தட்டித் தட்டிப்
போரை நடத்திக்கொண்டிருந்தான்.
செத்தவர்கள் வரிசையாக வந்தார்கள்,
ஆளுக்கு ஓரடி, மிஞ்சினால் ஈரடி.
ஒருவனுக்குத் தாடையில்,
ஒருவனுக்கு அடிவயிற்றில்,
ஒருவன் தன் தேர்ச்சக்கரத்தின் கீழேயே.
அப்புறம்,
"கெல்மோனின் மகன்" என்றான்.

கெல்மோனின் மகனுக்கு
இடது மார்புக்குக் கீழே வெண்கலம் நுழைந்ததாம்.
நனைந்த வலை படகுக்குள் சரிவதுபோல் சரிந்தானாம்.
கோல் தட்டியது.
அடுத்தவன் சாக ஆரம்பித்தான்.

கெல்மோன் நான்தான்.
அந்த வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லி
அதுவரை நான் கேட்டதில்லை.

ஒன்பது ஆண்டு காத்தவனுக்கு
ஒரு பாட்டு முடியும்வரை காப்பது பெரிதில்லை.
இல்லை, பெரிதுதான்.
கழுதையின் பிடரியை இறுகப் பற்றியிருந்தேன் போல,
விரலெல்லாம் மயிர்.

சுவரோரம் ஒன்றுக்கிருக்க வந்தான் பாடகன்.
முடிக்கும்வரை பொறுத்துக் கேட்டேன்:
"அந்தக் கெல்மோன் மகனுக்குப் பெயர் இல்லையா?"
"இருந்திருக்கும். பாட்டுக்குள் வரவில்லை."
"ரோட்ஸிலே இரண்டு கெல்மோன் உண்டு,
கிரீட்டில் எத்தனையோ…"
"இருக்கலாம்" என்றான்.
நல்லவன். நான் தொங்கிய கயிற்றை அவன் அறுக்கவில்லை.
"உன் மகன் பெயர் என்ன?"

ஹிப்போடிமோஸ்.

அவன் அதை வாயில் போட்டு மென்றான்.
கோலால் கல்லில் தட்டிப் பார்த்தான்:
நீட்டம், குறுக்கம், நீட்டம்.
இன்னொரு முறை.
"தளை தட்டுகிறது, பெரியவரே.
எங்கள் அடியில் எந்த மூலையிலும் இது உட்காராது.
இப்படிப்பட்ட பெயர் வந்தால்
அப்பன் பெயரைச் சொல்லிக் கடந்துவிடுவோம்."

கயிறு அங்கேதான் அறுந்தது.
பெயர் இல்லாததால்தான்
அது அவன்.

குதிரையால் மதிப்புப் பெறுபவன் என்று பொருள்.
எங்களிடம் இருந்தது ஒரு கழுதை,
அதுவும் பின்னங்கால் நொண்டி.
சின்னதாகத் தெர்கோன் என்று வைப்போம் என்றாள் பிலின்னா,
பிரசவ வியர்வை காயாத நெற்றியோடு.
நான்தான் குதிரை வேண்டும் என்று நின்றேன்.
தெர்கோன் என்றால் உட்கார்ந்திருக்குமோ?
அவனிடம் கேட்கவில்லை.

"வேண்டுமானால் ஹிப்போத்தாஸ் என்று மாற்றிச் சேர்க்கிறேன்.
அழகாக நிற்கும்.
நாளை மறுநாள் கப்பலேறுகிறேன்,
போகிற ஊரிலெல்லாம் பாடுவேன்."

யோசித்தேன். பொய் சொல்லவில்லை, யோசித்தேன்.
ஊர் ஊராய், குடித்த வாய்களுக்கு முன்னால்
என் பிள்ளை நெடுநாள் நிற்பான்.

"வேண்டாம்" என்றேன்.
"அந்தப் பெயரில் கூப்பிட்டால்
அவன் திரும்பிப் பார்க்க மாட்டான்."

பாடகன் உள்ளே போனான்.
போர் மீண்டும் தொடங்கியது.

இறக்கத்தில் நிலவு இல்லை.
கழுதை முன்னால் போனது:
ஊன்றி ஒரு மிதி,
நொண்டிக் காலால் ஒரு தொடுதல்,
மறுபடி ஊன்றி ஒரு மிதி.
ஹிப், போ, டீ.
ஹிப், போ, டீ.
கடைசி அசைக்குள் எப்போதும் ஒரு கல் இடறும்,
அங்கே நான் "மோஸ்" என்பேன்.
உப்பளம் வரை சொல்லிக்கொண்டே வந்தேன்.
ஓரிடத்திலும் தட்டவில்லை.

கதவைத் திறந்த பிலின்னா
கூலி எங்கே என்று கேட்டாள்.
வாங்க மறந்திருந்தேன்.
எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல்
முதலில் கழுதைக்குத் தண்ணீர் காட்டினேன்.