ஆறு கிழமை

ஒன்பது வருஷமாக மஸ்கெலியாவில்
ஒரு பாமசியில் நிற்கிறேன்.
அந்தச் சாமானுக்கு வருகிறவர்கள்
முதலில் பெனடோல் கேட்பார்கள்.
பிறகு பற்பசை.
கடையில் ஆள் குறைந்ததும்
கண்ணாடிப் பெட்டிக்குள் விரலைக் காட்டி
"இது" என்பார்கள்.
பேப்பரில் சுற்றிக் கொடுப்பேன்.
மிச்சக் காசை எண்ணாமலே போவார்கள்.

எனக்கென்று வந்தபோது
எங்கள் கடையில் எடுக்க முடியவில்லை.
மஹ்ரூப் முதலாளி
பூட்டுமுன் பெட்டிகளை எண்ணுகிறவர்.
ஞாயிறு காலை ஹட்டன் பஸ் ஏறினேன்.
நோர்வூட் வருமுன்னே
முன் சீட்டுக்காரரின் தலையெண்ணெய்
என் தொண்டைக்குள் குந்திக்கொண்டது.
இருபது வருஷமாகத் தெரிந்த வளைவுகள்
ஒவ்வொன்றும் புதிதாக என்னைக் கேள்வி கேட்டன.
மடியில் ஒரு சொப்பின் பேக்,
விரித்தபடி.

ஹட்டன் கடையில்
முதலில் பெனடோல் கேட்டேன்.
பிறகு, வேறென்ன, பற்பசை.
அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை.
பேப்பரில் சுற்றித் தந்தது.

ஆறு வீட்டுக்கு ஒரு கக்கூஸ் எங்கள் லயத்தில்.
விடியுமுன் வெளியே
மேரிஜெயா வாளியோடு இருமுகிறாள்.
உள்ளே போன் வெளிச்சத்தில்
முதல் கோடு உடனே வந்தது.
மற்றது
பனிக்குள் ஏறிவரும் லொறி விளக்கு மாதிரி,
இருக்கிறது, இல்லை,
இருக்கிறது.
"செத்துப் போயிட்டியா உள்ளுக்கு?" என்றாள் மேரிஜெயா.
"இல்லை" என்றேன்.
சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது.

கொப்பியில் எழுதும்போது இனோகா மிஸ்ஸி சொன்னார்,
கடைசியாகக் குளித்த தேதியிலிருந்துதான் கணக்காம்.
ஆறு கிழமை.
அப்படியென்றால்
நீ இல்லவே இல்லாத பதினாலு நாளும்
உன் வயதில் சேர்ந்திருக்கிறது.
அந்த நாட்களில் நான்
கேஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்றேன்,
கொழும்பிலிருக்கிற உன் அப்பாவோடு
போனில் சண்டை பிடித்தேன்,
ரீலோட் முடிந்து பாதியில் அறுந்தது சண்டை.
மீதியைப் போட அவர் போயாவுக்கு வந்தார்.
போடவில்லை.

காலையில் எழும்புமுன்
காய்ந்த பிஸ்கட் ஒன்று தின்னுங்கள்,
நாலு நாளில் பழகிவிடும் என்று
எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்.
பழகவில்லை.
அப்கொட்டிலிருந்து நடந்து வந்த
அந்த மெலிந்த பெண்ணிடம்
மன்னிப்புக் கேட்க வேண்டும்;
பேர் தெரியாது.
வாயில் சில்லறைக் காசை வைத்த மாதிரி ருசி.
சட்டை உரசினாலும் மார்பு நோகிறது.
பகல் இரண்டு மணிக்கு
இருமல் பாணிப் போத்தல்களுக்கு நடுவே
நின்றபடி தூங்குகிறேன்.
மணிக்கு ஒருதரம் பக்கத்து வங்கிக்கு ஓடுகிறேன்.
காவற்காரர் நான் கடன் கேட்டு அலைவதாக நினைக்கிறார்.
நெருப்புப்பெட்டியின் பக்கவாட்டு வாசம் மட்டும்
நன்றாக இருக்கிறது,
யாரிடமும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை
தேயிலைச் சாயம் பட்டதுபோல் ஒரு பொட்டு,
உள்ளுடுப்பில்.
சிலபேருக்கு வருவதுதான், என்றார் மிஸ்ஸி,
கூடினால், வயிறு வலித்தால்
ராத்திரி என்றும் பாராமல் ஆஸ்பத்திரிக்குப் போ.
படுத்துக்கொண்டு ஜன்னலால் பார்த்தேன்.
மழைக்கு நிரம்பிக் கிடந்தது நீர்த்தேக்கம்.
அடியில் பழைய டவுன் இருக்கிறது,
கோயிலும் பள்ளிவாசலும் கூட.
யாரும் தண்ணீரை விலக்கிப் பார்ப்பதில்லை.
இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே
கரையால் பஸ் ஓடுகிறது.
நானும் அப்படித்தான் சொன்னேன்,
வியாழன் வரை,
பொட்டு நிற்கும் வரை,
நின்ற பிறகும்.

உன் அப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை.
ஏன் மூச்சு வாங்குகிறது என்று கேட்டார்.
படி ஏறினேன் என்றேன்.
எங்கள் வீட்டில் படி கிடையாது,
அவருக்கும் தெரியும்.
கொஞ்சநேரம் ஒன்றும் பேசாமல்
லைனிலேயே நின்றார்.

இன்று ஒருத்தி வந்தாள்.
நனைந்த குடை, பத்தொன்பது வயதிருக்கும்.
பெனடோல் கேட்டாள்.
பற்பசை என்று அவள் வாய் திறக்குமுன்
சுற்றி வைத்துவிட்டேன்.
பயந்துபோய்ப் பார்த்தாள்.
மிச்சக் காசை ஒவ்வொன்றாக
அவள் உள்ளங்கையில் எண்ணி வைக்க ஆரம்பித்தேன்,
அவள் தலையெண்ணெய் வாசம் எழும்பியது,
பாதிக் காசு கையிலிருக்க
பின்பக்கம் ஓடினேன்.